சிவப்புக் கம்பளத்தில் யார் உட்காருவது?

அஷ்காபாத்துக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய வஸ்து, ஒரு நல்ல கூலிங் கிளாஸ். கண் கூசுகிறது ஸார்! துர்க்மெனிஸ்தானின் இந்தத் தலைநகரில் கட்டடம் என்றாலே வெள்ளை மார்பிள்தான். மந்திரி ஆபீஸ் வெள்ளை. யுனிவர்சிடி வெள்ளை. அடுக்குமாடி வீடுகள் வெள்ளை. 2013-ல் கின்னஸ் புத்தகத்துக்காக எண்ணிப் பார்த்தபோது, 22 சதுர கிலோமீட்டர் பரப்பில் 543 புதுக் கட்டடங்கள், அவற்றின் மேல் ஒட்டிய மார்பிள் 45,13,584 சதுர மீட்டர் என்று கணக்கு வந்ததாம். கடைசி 84 சதுர மீட்டரைக்கூட விடாமல் அளந்த அந்தப் புண்ணியவான் நிச்சயம் ஓர் அக்கவுண்டன்ட்டாகத்தான் இருக்கவேண்டும்.

பஸ் ஸ்டாப்புக்குக்கூட ஏ.ஸி. போட்டிருக்கிறார்கள். அதிபர் மாளிகைப் பக்கம் காமிராவைத் தூக்கினால் போலீஸ்காரர் கையை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஓரிடத்தில் குதிரையின் மேல் அதிபருக்குத் தங்கச் சிலை (2015), இன்னோரிடத்தில் அலபாய் என்கிற உள்ளூர் நாய்க்கே தங்கச் சிலை (2020). இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். நான் சொல்ல வந்தது கட்டடங்களுக்கு உள்ளே இருக்கிற சமாசாரம்.

வெளியே அத்தனை வெள்ளையா? கதவைத் திறந்தால் சிவப்பு. அரக்குச் சிவப்பு, மாதுளைத் தோல் சிவப்பு, காய்ந்துபோன ரத்தச் சிவப்பு! தரையில் கம்பளம், சுவரில் கம்பளம், நாட்டின் கொடியிலேயே கம்பளம். கொடிக்கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு சிவப்புப் பட்டை ஓடுகிறது. அதில் ஐந்து கம்பள உருவங்கள். மே மாதக் கடைசி ஞாயிறு 'கம்பள தினம்'. துர்க்மெனியர்களின் கம்பளக் கலையை 2019-ல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இந்த ஊரில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். துபாயில் வியாபாரம் செய்யும் குஜராத்திக்காரர் ஒருவர் அஷ்காபாத்தில் கிளை ஆபீஸ் திறப்பதாக ஏற்பாடு. உள் அலங்கார வேலை, என்னோடு காலேஜில் படித்த நண்பனுக்குக் கிடைத்தது. "டேய், பில்லெல்லாம் மனாத்துல வரும். துபாய்க்காரர் திர்ஹாம்ல கேட்பார். எனக்கு ரூபாய்லயே தலை சுத்தும். நீ பி.காம்.தானே, கூட வாடா" என்றான். விசாவுக்கு உள்ளூரிலிருந்து அழைப்புக் கடிதம் வரவேண்டியிருந்தது. அது வந்து, துபாய் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

எம்.டி. சொல்லியிருந்தது இவ்வளவுதான்: "ரூம் ஃபார்மலாக இருக்கவேண்டும். நுழைகிறவனுக்கு மரியாதை வரவேண்டும். கொஞ்சம் துர்க்மென் டச் கொடுங்கள்."

டச்! அந்த இரண்டெழுத்துதான் எங்களைப் பத்து நாள் அலைக்கழித்தது.

ரூம் நீளவாக்கில் 9 மீட்டர், அகலம் 6 மீட்டர். வடக்குச் சுவரில் கதவு. நண்பன் சென்னையிலேயே ஒரு டிராயிங் போட்டு எடுத்து வந்திருந்தான். கதவுக்கு நேர் எதிரே, தெற்குச் சுவரை ஒட்டி எம்.டி.யின் பெரிய மேஜை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு சிவப்புக் கம்பளம். மேஜைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. தரை முழுக்கச் சுவரோடு சுவராக துர்க்மென் டிசைன் போட்ட கார்ப்பெட். ஓரத்தில் தங்கக் கலரில் ஒரு குதிரை. வாஸ்துக்காரரும் ஓகே செய்துவிட்டார். முதலாளி தென்மேற்கில் உட்கார்ந்து வடக்கையோ கிழக்கையோ பார்க்கவேண்டுமாம்.

கிளைக்கு ஒரு மானேஜரை முன்பே நியமித்திருந்தார்கள். உள்ளூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை 'அகா' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் 'அண்ணே' மாதிரி வயதில் மூத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை. நாங்களும் அகா என்றோம். டிராயிங்கை மேஜையில் விரித்தோம். மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லால்லை என்றும் சொல்லவில்லை. "நாளைக்குக் கம்பள மியூசியம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மியூசியத்தை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையால் நெய்த கம்பளங்களிலேயே உலகில் பெரியது என்று 2003-ல் கின்னஸில் ஏறிய கம்பளம் அங்கேதான் தொங்குகிறது. 2001-ல் நெய்தது. 301 சதுர மீட்டர்! நம்மூரில் அந்தப் பரப்பில் மூன்று ஃப்ளாட் கட்டி, கார் பார்க்கிங்குக்குத் தனியாகக் காசு வாங்கிவிடுவார்கள். 1940-களில் மாஸ்கோ போல்ஷோய் தியேட்டருக்குத் திரையாக நெய்த 193 சதுர மீட்டர் கம்பளமும் இருக்கிறது. சோவியத் காலத்தில் லெனின் முகத்தையே கம்பளமாக நெய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு டிசைன் வருகிற கம்பளம்கூட உண்டு. அது எப்படி என்று நண்பன் அரைமணி நேரம் குனிந்து நின்று பார்த்தான். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆனால் நின்று பார்க்கவேண்டியவை இந்த ராட்சசக் கம்பளங்கள் அல்ல. சின்னச் சின்னத் துண்டுகள். கூடாரத்தின் கதவில் தொங்கவிடுவதற்கு ஒன்று, பெயர் என்ஸி. துணிமணி போட்டுச் சுவரில் மாட்டுகிற பெரிய பை, சுவல். அதைவிடச் சின்னது தோர்பா. கூடாரத்துக்குள் சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் சுற்றிக் கட்டுகிற, நீளமான வெள்ளைப் பட்டை ஒன்று. ஐந்து மூலையோடு ஒரு விசித்திரத் துண்டு இருந்தது. அதன் பெயர் அஸ்மாலிக். ஜோடியாக நெய்வார்கள். கல்யாணத்தின்போது மணப்பெண்ணைச் சுமந்து வரும் ஒட்டகத்தின் இரண்டு விலாவிலும் தொங்கவிடுவதற்காம்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். டிராயிங்கில் எம்.டி. தலைக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டுவதாக இருந்தது அந்த அஸ்மாலிக்தான்!

மேய்ச்சல் நிலம் தேடிக் கூடாரத்தோடு நகர்ந்த ஜனங்கள் இவர்கள். மேஜை இல்லை, பீரோ இல்லை, கதவுகூடப் பல சமயம் இல்லை. அத்தனைக்கும் பதில் கம்பளம். தறியைக்கூடத் தரையில் படுக்கைவாட்டில் அடித்து, கிளம்பும்போது சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடுவார்கள். சாரிஜா என்கிற செம்மறியின் கம்பளி, முடிச்சை அறுக்கக் கத்தி, அடித்து இறுக்க 'தாராக்' என்கிற கனமான இரும்புச் சீப்பு... தீர்ந்தது. ஒரு சதுர மீட்டருக்குள் லட்சக்கணக்கில் முடிச்சு. எல்லாம் பெண்கள் கைவேலை. அந்தச் சிவப்பு ஒரு செடியின் வேரிலிருந்து வருவது. நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற மஞ்சிட்டிக்கு அது கூடப்பிறந்த செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ரசாயனச் சாயம் வந்து இந்த வேருக்கு வேட்டு வைத்தது. அதற்குப் பிறகு நெய்த சில கம்பளங்களில் சிவப்பு கொஞ்சம் பல்லைக் காட்டுகிறது. பழசையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

இனி 'குல்' விஷயத்துக்கு வருகிறேன். கம்பளத்தின் நடுவே வரிசை வரிசையாக வருகிற எண்கோண உருவத்துக்குத்தான் குல் என்று பெயர். நாம் அதை டிசைன் என்கிறோம். அவர்களுக்கு அது கையெழுத்து. எந்தக் குழுவைச் சேர்ந்த பெண் நெய்தாள் என்பது அதில் இருக்கிறது. தேக்கே குல்லை நான்காகப் பிரித்திருக்கும். ஒன்றை இன்னொன்றோடு மெல்லிய கோடு இணைக்கும். யோமுத் குல் வைரக்கட்டி மாதிரி. கொடியில் இருக்கிற ஐந்தும் ஐந்து குழுக்கள்: தேக்கே, யோமுத், எர்சாரி, சௌதுர், சாரிக்.

சலோர் என்று இன்னொரு பழைய குழு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்களில் தோற்றுச் சிதறிப் போனார்கள். அதற்குப் பிறகு சலோர்களின் குல்லைத் தேக்கே பெண்களும் சாரிக் பெண்களும் தங்கள் தறியில் நெய்ய ஆரம்பித்தார்கள். தோற்றவர்களின் கையெழுத்து ஜெயித்தவர்கள் வீட்டுக் கம்பளத்தில்! கொடியில் உள்ள ஐந்தில் சலோர் கிடையாது. மியூசியத்தில் ஒரு சலோர் பையின் முன்னால் நின்றபோது, அதை வெறும் 'டச்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அகாவிடம் கேட்டோம்: "எம்.டி. ரூமுக்கு எந்தக் குல் போடலாம்?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் அகாவின் சொந்த ஊர் காஸ்பியன் கடல் பக்கம், அவர் யோமுத். கணக்கு எழுதும் அம்மாள் உள்ளூர், தேக்கே. டிரைவர் கிழக்கே லேபாப் மாகாணத்துக்காரர், எர்சாரி. மூன்று பேரும் ஒரே ஆபீஸில் டீ சாப்பிடுகிறார்கள். யாரும் யாரையும் நீ எந்தக் குழு என்று கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை. துபாயிலிருந்து வருகிற முதலாளி ஒரே ஒரு குல்லைத் தூக்கித் தன் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன அர்த்தம்?

நண்பனுக்கு உடனே ஐடியா உதித்தது. "அஞ்சு குல்லும் வர்ற மாதிரி ஒரே கார்ப்பெட் மிஷின்ல போட்டு, தரை முழுக்க விரிச்சுடலாமே? எல்லாருக்கும் சமம்!"

அகா கண்ணாடியைக் கழற்றினார். "அது கொடி. கொடியைத் தரையில் விரிப்பீர்களா?"

மிஷின் கார்ப்பெட் அந்த நிமிஷமே டிராயிங்கிலிருந்து காணாமல் போனது.

இந்த ஊரில் எம்.டி. ரூம் என்கிற ஜாதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ரஷ்யாவிலிருந்து. சோவியத் நாட்களில் பெரிய அதிகாரியின் அறைக்கு 'காபினெட்' என்று பெயர். ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கதவு. உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். கோடியில் அதிகாரியின் மேஜை. அதன் வயிற்றில் முட்டுகிற மாதிரி நீளமாக இன்னொரு மேஜை, இங்கிலீஷ் 'டி' எழுத்தைப் போல. வந்தவர்கள் நீள மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு அதிகாரியைப் பார்க்கவேண்டும். அதிகாரியின் கைப்பக்கம் வரிசையாக டெலிபோன்கள். எத்தனை போனோ அத்தனை அந்தஸ்து! இளைஞராக இருந்த காலத்தில் அப்படி ஓர் அறையில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த கதையை அகா சொன்னார். "கழுத்து வலிக்கும். ஆனால் யாரும் கழுத்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள்."

யோசித்துப் பார்த்தால் நண்பன் சென்னையில் போட்ட டிராயிங்கும் இந்த காபினெட்டின் பேரப்பிள்ளைதான். உலகம் பூரா எம்.டி. ரூம் அப்படித்தான். கோடியில் முதலாளி, கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை அகா எங்களை ஊருக்கு வெளியே தன் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனார். கான்கிரீட் வீடுதான். டி.வி., ஃப்ரிஜ் எல்லாம் இருந்தது. ஆனால் வீட்டு முற்றத்தில் விசேஷங்களுக்காக ஒரு 'அக் ஒய்' நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை வீடு என்று அர்த்தம். மடக்கு கேட் மாதிரி பிரிந்து சுருங்குகிற மரச்சட்டத்தில் வட்டமான சுவர், அதன் மேல் வளைந்த கழிகள், எல்லாம் உச்சியில் போய்ச் சேருவதற்கு ஒரு மர வளையம். மேலே நமுட்டிய கம்பளிப் போர்வை. வளையத்தின் பெயர் துய்னுக். வெளிச்சம் வருவதும் அது வழியாக, புகை போவதும் அது வழியாக. (மாரி நகரத்தில் 2015-ல் இதே வடிவத்தில் ஒரு பிரம்மாண்டக் கட்டடமே கட்டியிருக்கிறார்கள்.)

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். நான் மரியாதையாகக் கதவு ஓரமாகவே உட்காரப் போனேன். வீட்டுக்காரப் பெரியவர் பதறிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தார். கதவுக்கு நேர் எதிரே, அந்தக் கோடியில் நல்ல கம்பளமாகப் பார்த்து விரித்திருந்தது. அங்கே உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றால் விடவில்லை. அந்த இடத்துக்குப் பெயர் 'தோர்'. வந்த விருந்தாளிக்கும் வயதில் பெரியவருக்கும் உரியது. வீட்டுக்காரர் கதவுப் பக்கமாக, டீக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆளுக்கு ஒரு டீ பாட், ஆளுக்கு ஒரு கிண்ணம். பால் சர்க்கரை இல்லாத பச்சை டீ. கிண்ணத்தில் ஊற்றி, மறுபடி பாட்டுக்குள்ளேயே திருப்பிக் கொட்டி, இப்படி மூன்று தரம். கிண்ணத்தை நிரம்ப ஊற்றுவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ரொட்டி வந்தது, வட்டமாக, பெரிய தட்டு அளவுக்கு. நண்பன் ஒரு துண்டு பிய்த்துவிட்டு மிச்சத்தைக் கவிழ்த்து வைத்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை நிமிர்த்தி வைத்தார். ரொட்டியைக் குப்புற வைக்கக்கூடாது. இதை அகா எங்களுக்கு வண்டியில் திரும்பும்போதுதான் சொன்னார்.

கோடியில் கம்பளத்தின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்தபடி நான் அந்தக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே வெளிச்சம். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் அந்த வெள்ளைப் பட்டை. சுவரில் துணிமணிகளோடு சுவல் பைகள். வாசலில் என்ஸி. மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மக்காகத் தொங்கிய அத்தனை சாமானும் இங்கே வேலை செய்துகொண்டிருந்தன. நண்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் போல. வண்டியில் ஏறியதும், "நம்ம டிராயிங்கைக் கிழிச்சுடணும்டா" என்றான்.

"ஏன்?"

"தோர்ல எம்.டி.யை உட்கார வெச்சிருக்கேன்டா! வர்றவனைக் கதவுகிட்ட. இந்த ஊர்க்காரன் ஒருத்தன் உள்ளே வந்தான்னா, முதலாளி விருந்தாளியோட இடத்துல உட்கார்ந்திருக்கார்னுதான் தெரியும். அதுக்கு மேல எத்தனை கம்பளம் மாட்டி என்ன பிரயோஜனம்?"

முன்சீட்டிலிருந்த அகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'தோர்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பாமலே தலையை ஆட்டினார்.

இதில் விளையாட்டில்லை. இந்த நாட்டில் வெளிநாட்டுக் கம்பெனியின் வியாபாரம் பெரும்பாலும் அரசாங்கத்தோடுதான். அமைச்சகத்திலிருந்து ஒருவர் ஆபீஸுக்கு வந்து, உட்கார்ந்த முதல் நிமிஷத்திலேயே முகம் சுருங்கினால், அப்புறம் எந்த ஃபைல் நகரும்?

அன்று ராத்திரி எம்.டி.க்கு போன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். தன் மேஜையைக் கோடியிலிருந்து நகர்த்துவதா? கூடவே கூடாது என்றார். வாஸ்து என்னாவது? முதலாளிக்கு மதிப்பு என்னாவது? கால் மணி நேரம் ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பொரிந்து தள்ளினார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. முப்பது வருஷம் உழைத்து ஒரு ரூம் வாங்குகிற மனுஷனை ஓரமாக உட்கார் என்றால் ஒப்புக்கொள்வாரா?

வழி கண்டுபிடித்தது காம்பஸ். மேற்குச் சுவரை ஒட்டி மேஜையைப் போட்டால் முதலாளி கிழக்கே பார்ப்பார். வாஸ்துக்காரரை துபாயிலேயே பிடித்துக் கேட்டார்கள். கிழக்கே பார்த்தால் மேற்கும் தோஷமில்லை என்று சொல்லிவிட்டார். (வாஸ்துக்காரர்கள் நல்லவர்கள். கேட்கிற விதமாகக் கேட்டால் மறுப்பதேயில்லை.) தெற்குச் சுவர் காலியானது. அது வருகிறவர்களுக்கு.

மறுநாள் காலி ரூமில் செலோடேப்பைத் தரையில் ஒட்டி ரூம் முழுவதையும் அளவுக்கு வரைந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் சோபா, அட்டைப்பெட்டிதான் எம்.டி.யின் மேஜை. அகா ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே போய், புதிதாக வருகிறவர் மாதிரி உள்ளே வந்து பார்த்தார். அப்படித்தான் ஒவ்வொன்றும் முடிவாயிற்று.

தெற்குச் சுவரை ஒட்டி உயரம் கம்மியான சோபாக்கள், ப வடிவத்தில். அவற்றின் நடுவே தரையில் ஒரே ஒரு கையால் நெய்த கம்பளம். தேக்கே. அஷ்காபாத் தேக்கே பூமி, இங்கே அது இருப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை என்றார் அகா. கம்பளத்தின் மேல் டீப்பாய் கிடையாது, நாற்காலிக் கால் கிடையாது. சக்கரம் வைத்த நாற்காலி அந்தப் பக்கமே வரக்கூடாது, முடிச்சை மென்று தின்றுவிடும். டீக்கு சோபா ஓரங்களில் சின்ன முக்காலிகள். கோட்டு சூட்டோடு வருகிறவர்கள் ஷூவைக் கழற்றமாட்டார்கள். அவர்கள் கால் கரையோரத்தில் மட்டும் படுகிற மாதிரி கம்பளத்தின் அளவைக் குறைத்தோம். கூடாரத்தில் அடுப்பு இருக்கிற நடு இடம் இங்கே வெறுமனே சிவப்பாக இருக்கும்.

அதற்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு மர வளையம், அதில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்த சட்டங்கள், உள்ளே மஞ்சள் வெளிச்சம். துய்னுக்! சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் ரூமைச் சுற்றி அந்த வெள்ளைப் பட்டை. யோமுத் சுவல் இரண்டும் எர்சாரி சுவல் ஒன்றும், ஃபைல் வைக்கிற பீரோக்களுக்கு மேலே. சாமான் வைக்கிற இடத்தில் சாமான் பை, சரிதானே? (பஜாரில் பழைய சுவலை வெட்டிக் குஷன் உறை தைத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஒரு பெண் எத்தனையோ மாசம் குனிந்து போட்ட முடிச்சு அது.) என்ஸியைக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். கதவுக் கைப்பிடி, துர்க்மென் பெண்கள் கழுத்தருகே குத்திக்கொள்கிற 'குல்யாகா' என்ற வெள்ளி வட்டத்தின் ஜாடையில், நடுவே ஒரு செந்நிறக் கல். சுவர்களுக்கு ஒட்டகக் கலர். ஜன்னல் திரைக்குச் சிவப்பு வேண்டாம், கம்பளத்தோடு சண்டை போடும். அஸ்மாலிக் ரத்து, கல்யாண ஒட்டகம் கிடைத்தால் பார்க்கலாம். தங்கக் குதிரை வாசல் ரிசப்ஷனுக்கு மாற்றலாகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் நண்பன் அடம் பிடித்தான். அஷ்காபாத் அருகே நிஸா என்று பார்த்தியர் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது. 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1948-ல் அங்கே தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த கொம்பு வடிவக் கோப்பைகள் கிடைத்தன. அதைப் பார்த்துச் செய்த மாதிரிகளைக் கண்ணாடி ஷெல்ஃபில் வரிசையாக, சோபாவுக்கு மேலே, வருகிறவர் தலைக்கு மேலே வைத்தால் எப்படி இருக்கும் என்று உற்சாகமாகக் கையை விரித்துக் காட்டினான்.

அகா ஒரே வார்த்தை சொன்னார். "நாற்பத்தெட்டு."

கோப்பைகள் கிடைத்த வருஷத்தைச் சொல்கிறார் என்று நண்பன் நினைத்துவிட்டான். அதே 1948-ல் அக்டோபர் 6-ந் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், இந்த ஊரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுவரும் கூரையும் விழுந்தன. செத்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. பிற்பாடு நாட்டின் முதல் அதிபரான நியாஸோவ் அந்த ராத்திரியில்தான் தாயையும் சகோதரர்களையும் இழந்தார். இந்த நகரத்தில் பழைய தெரு, பழைய வீடு என்று காட்ட அதிகம் இல்லாததற்கும், எல்லாம் புதிதாக, வெள்ளையாக நிற்பதற்கும் ஆரம்பம் அங்கேதான். கம்பளம் சுவரிலிருந்து விழுந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கண்ணாடி ஷெல்ஃப் அப்படியா?

கோப்பைகள் இடுப்பு உயர அலமாரிக்குள் போயின. அலமாரிகளை எல்லாம் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லி அகா தன் கையாலேயே டிராயிங்கில் குறித்தார். கிழக்குச் சுவரின் மத்தியில் ஒரு சதுரத்தைக் காலியாக விடச் சொன்னார். "இங்கே என்ன வரும்?" என்றான் நண்பன். "போட்டோ" என்றார். இந்த ஊர் அரசு அலுவலகங்களில் யாருடைய போட்டோ இருக்கும் என்பது ஊரைச் சுற்றியவர்களுக்குத் தெரியும். "அது டிசைனர் வேலை இல்லை. இடத்தை மட்டும் விடுங்கள்."

கணக்கில் எனக்கொரு சிக்கல். ஃபர்னிச்சர் என்று எழுதினால் நம்மூர் இன்கம்டாக்ஸ் வழக்கப்படி வருஷத்துக்கு 10 பர்சென்ட் தேய்மானம் கழிக்கலாம். கைக்கம்பளத்துக்கு அது பொருந்துமா? கணக்கு எழுதும் அம்மாள் சிரித்தாள். நல்ல கம்பளம் மிதிபட மிதிபடப் பளபளப்பு ஏறும், விலையும் ஏறும் என்றாள். தேய்மானம் ஏறுமுகமாகப் போகிற ஐட்டத்துக்கு எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் தலைப்பு கிடையாது. போதாக்குறைக்கு எம்.டி. துபாய் வீட்டுக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். கம்பளத்தை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப் போக மியூசியத்து நிபுணர்கள் பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு வவுச்சர்.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் எம்.டி. நேரிலேயே வந்துவிட்டார். ஒட்டிய டேப்புக்கு நடுவே நின்று சுற்றிலும் பார்த்தார். அகா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தெற்குச் சுவரை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். டீ வந்தது. அகா கதவுப் பக்கமாக உட்கார்ந்து மூன்று தரம் ஊற்றி, திருப்பி, நாலாவது தரம் கிண்ணத்தில் பாதி ஊற்றிக் கொடுத்தார். எம்.டி. குடித்தார். காலை நீட்டிக்கொண்டார். மேலே துய்னுக் வரப்போகிற இடத்தை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"இந்த இடம் ரொம்ப நன்றாக இருக்கிறதே" என்றார். "நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேனே?"

"நீங்கள் வேறு ஆபீஸுக்குப் போகும்போது அங்கே உட்காரலாம்" என்றார் அகா.